தோல் ஷாப்பை விட்டு வந்த தம்பி

இளைஞர்கள் பயிர்த்தொழிலுக்கு வர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். கேட்டுச் சலித்துவிட்டது. வந்தவன் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை.

என் தம்பி வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் இருந்தான். அப்படி ஒரு பேச்சைக் கேட்டு, வேலையை விட்டு என் நிலத்துக்கு வந்தான். முதல் மாதமே, சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சுரண்டிய மயிரை வண்டியில் ஏற்றி வந்தான். நான் சந்தைக்குப் போயிருந்தபோது அதைக் கேழ்வரகுக்கு எருவாகப் போட்டுவிட்டான். நாங்களும் போடுவதுண்டு. ஆனால் ஒரு வருஷம் குழியில் மக்கவைத்துத்தான் போடுவோம். பச்சையாகப் போட்டதால் சுண்ணாம்புச் சூட்டில் பயிர் வெந்துவிட்டது. நல்ல வேளை, நான் திரும்பியபோது ஒரு மூலைதான் முடித்திருந்தான்.

"தோல ஊறவெக்கிறவனுக்கு ஏர் எதுக்குப்பா?" என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் தம்பியைக் காணோம். தேடிப் போனால் ஷாப்பு வாசலில் மேஸ்திரி முன்னால் நிற்கிறான்.

"இன்னாடா, வெவசாயம் பேஜாராயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் மேஸ்திரி.

நான் அவன் கையைப் பிடித்து, "வாடா ஊட்டுக்கு" என்றேன்.

"மறுபடியும் கெடுத்துட்டா, அண்ணா?"

"கெடு. நான் கெடுக்காத பயிரா? அந்த மூலைய உனக்கே உட்டுட்டேன். மிச்சத்துல என்னக் கேட்டுக் கை வை."

வந்தான். இன்றும் என்னோடுதான் உழுகிறான்.

இப்போது புதிதாக எவன் வந்தாலும், கெடுத்துப் பழக ஒரு மூலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். அந்த நட்டம் என்னுடையது. பழகும்வரை அவன் கஞ்சிக்கும் நானே பொறுப்பு. அது முடியாதவன் யாரையும் நிலத்துக்குக் கூப்பிடக் கூடாது.