இருவருக்கும் ஒரு டப்பா

என் கணவர் எனக்கு முன்னால்தான் நடப்பார். கல்யாணமான புதிதில் அதை வெட்கம் என்று நினைத்தேன், பிறகு அவசரம் என்று நினைத்தேன். டெல்லி மயூர் விஹாரில் குடியேறிய பிறகு, சரி, அவர் நடையே அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். மெட்ரோவில் எனக்குப் பெண்கள் பெட்டி, அவருக்குப் பொதுப் பெட்டி. இறங்கித் தேடினால் மனுஷர் அதற்குள் வெளி கேட்டில் நின்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் இல்லறத்தில் அவர் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவர் மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஜப்பான் போவதென்று முடிவானது. எனக்கு இன்னும் வேலை இருந்தது. ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறேன். முழு லீவு கிடையாது, லேப்டாப்போடு போங்கள், மீட்டிங்குக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுங்கள் என்றார்கள். ஆக, டிக்கெட்டைவிட நெட்தான் பெரிய கவலையாகிவிட்டது.

எங்கள் நம்பரிலேயே ரோமிங் பேக் போடலாம். ஆனால் இரண்டு வீடியோ மீட்டிங்கில் அன்றைய டேட்டா காலியாகிவிடும். உள்ளூர் சிம் என்றால் போய் இறங்கிய கையோடு கடை தேடி அலைய வேண்டும், எனக்கோ அன்றைக்கே மீட்டிங். இ-சிம்மை இங்கிருந்தே போட்டுக்கொண்டு போகலாம், பழைய சிம்மைக் கழற்றவும் வேண்டாம், வங்கி ஓடிபியும் தடையில்லாமல் வரும். ஆனால் அவருடைய பழைய போன் அதையெல்லாம் ஏற்காது. கடைசியில் அவரேதான் பாக்கெட் வைஃபையைக் கண்டுபிடித்தார். சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி, வாடகைக்குக் கிடைக்கும். ஒருவர் பையில் வைத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் போனுக்கும் நெட் வரும்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதும் பிள்ள. எதுக்குத் தனித்தனியா?" என்றார்.

"ஜப்பானுக்குப் போனாலும் உங்க கஞ்சத்தனம் மட்டும் போகாது" என்றேன்.

கியோட்டோவில் முதல் நாள் காலை. வழக்கம்போல அவர் முன்னால் போனார். தெருமுனையில் சட்டென்று நின்று, போனை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மேப் நின்னு போச்சு. ஜல்தி வா."

"டப்பா என் பையில இருக்கு. ஏன் இப்படி ஓடுதீங்க? மெதுவா நடந்தா மேப்பும் நடக்கும்."

முறைத்தார். ஆனால் வேறு வழியில்லை. நான் பக்கத்தில் வந்ததும் மேப் உயிர் பெற்றது, அவரும் என்னோடு நடந்தார். மறுநாளும் அப்படியே. பக்கத்தில் நடக்கும்போது அவர் பேசுவார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டெல்லிக்கு வந்த புதிதில், இறங்க வேண்டிய இடத்தை இந்தியில் கேட்கப் பயந்து, பஸ்ஸிலேயே கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்த கதையை ஆற்றங்கரையில் சொன்னார். இத்தனை வருஷத்தில் அதை நான் கேட்டதேயில்லை. சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இந்தியாவில் அலுவலகம் திறக்கும் நேரம் அங்கே மதியம் தாண்டிவிடும். காலை முழுதும் எங்களுடையது, அதன் பிறகு நான் ஓட்டல் அறையில் லேப்டாப்பும் டப்பாவுமாக உட்கார்ந்துவிடுவேன். அந்தச் சின்ன அறைக்குள் அவருக்கு இருப்புக் கொள்ளாது. டப்பாவை விட்டு வெகுதூரமும் போக முடியாது. கீழே, எங்கள் ஜன்னலுக்கு நேராக, குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் நெட் எட்டியது. அங்கே நின்று செய்தி பார்ப்பார். அடிக்கடி நிமிர்ந்து கையை ஆட்டுவார். "முடிந்ததா?" என்று சைகையில் கேட்பார். ஒரு நாள் அதைக் கவனித்ததில் மீட்டிங்கில் நான் தப்பான எண்ணைப் படித்தேன். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் ஜெயித்தது.

அன்று சாயங்காலமே ஒரு கடையில் அவருக்கென்று தனி சிம் வாங்கினேன்.

"நீங்க கீழ நின்னா எனக்கு வேலை ஓடல. ஆட்டுக்குட்டியக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. இனி உங்க இஷ்டத்துக்குச் சுத்துங்க."

அவர் அந்தச் சிம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை, வரிசையாக ஆரஞ்சு நிற வாசல்கள் நிற்கும் ஒரு மலைக்குப் போனோம். நான் முதல் வாசலைப் படம் எடுத்துவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் போனுக்கு அவர் இருக்கும் இடத்தின் லொகேஷன் வந்தது, கூடவே "மேலே வந்துட்டேன்" என்று ஒரு வரி. பழைய குருடி கதவைத் திறடி. மிச்ச நாளெல்லாம் மேப்பில் ஒரு புள்ளியைத் துரத்தியபடி ஊர் பார்த்தேன். பிற்பகல்களில் ஜன்னலுக்குக் கீழே யாரும் இல்லை. வேலை நன்றாக ஓடியது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருந்தேன். அந்தச் சிம்மை ஏன் வாங்கினோம் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

போன மாதம் டெல்லி மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனோம். வியட்நாம் போகலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம். படியில் அவர் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"இந்தத் தடவையும் அந்த டப்பாவையே எடுப்போமா?"

நின்றார், ஆனால் திரும்பவில்லை.

"எதுக்கு? நான் நின்னா உனக்கு வேலை ஓடலைன்னியே." அடுத்த படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே சொன்னார். "எனக்கு என்னவோ அங்கன கீழ நிக்கது நல்லாத்தான் இருந்துச்சு. நிமிந்து பாத்தா நீ இருந்த."

சொல்லிவிட்டு மேலே ஏறத் தொடங்கினார். நான் அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் ஒலித்தது. மேலே வந்துவிட்டாராம்.