குமுதாக்கா கட்டின மஞ்சத்துணி

குமுதாக்காவுக்கு யாருகிட்டயும் அனுமதி கேக்கிற பழக்கமே கிடையாது. கல்யாணத்துக்கே வீட்ல கேக்கலன்னு அவங்களே சொல்லுவாங்க. அப்படிப்பட்டவங்க, எங்க ஊரு சிலிபின்ல அடுக்குமாடிக்குப் பின்னாடி கெடந்த காலி நிலத்துக்கு யாருகிட்ட போயி கேக்கப் போறாங்க?

நிலமா அது? கிழிஞ்ச மெத்தை, வீடு உடைச்ச கல்லு, பாத்திரம் கழுவுற ஒடஞ்ச சிங்கி. மழை பேஞ்சா கொசு எங்க வீட்டுக்குத்தான் குடிவரும். அக்கா ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை. சித்தியவான் பக்கம் எஸ்டேட்ல பொறந்து, எட்டு வயசுலேயே ரப்பர் கன்னுக்குத் தண்ணி ஊத்தினவங்க. அம்பத்திரெண்டு வயசுல ஒரு லீவு நாளு மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரியாப் போன பாவத்துக்கு நானும் போனேன். ஆறு மாசத்துல வெண்டி, கங்கோங் கீரை, வாசனையான செராய்ப் புல்லு, ஓரத்துல ஒரு வேப்பங்கன்னு. என்னா பச்சைங்கிறீங்க! எங்க கண்ணே பட்டுரும் போல இருந்துச்சு.

ஆனா குப்பை கொட்டுற லோரிக்காரன் விடுவானா? வெண்டிப் பாத்தி மேலேயே ஒரு சோபாவைத் தள்ளிட்டுப் போயிட்டான். அக்கா மூணு மொழியில போர்டு எழுதி வச்சாங்க. அந்தப் போர்டுலேயே குப்பைப் பையைத் தொங்க விட்டானுங்க, நாசமாப் போறவனுங்க!

அன்னைக்கு வந்த கோவத்துலதான் அக்கா அந்த வேலையைச் செஞ்சாங்க. பழைய மஞ்சச் சேலையைக் கிழிச்சு வேப்பங்கன்னுல கட்டி, அடியில அம்மிக் குழவியை நட்டு, குங்குமம் வச்சிட்டாங்க.

"இப்பப் போடட்டும்லா, பாக்கலாம்."

மறுநாள்லேருந்து ஒரு தாளுகூட விழல. லோரிக்காரன் கும்பிட்டுட்டுப் போறான்!

நம்ம சனம் அதோட சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்கு வந்துச்சு. "அம்மன் நிலத்துக் கீரை, தின்னக்கூடாது"ன்னு கங்கோங்கை ஒருத்தரும் தொடல. அது முத்திப் பூத்துப் போச்சு. கடைசியில கீழ்வீட்டு உடையப்பன் அண்ணே ஒரு கமிட்டி போட்டு, தானே தலைவராகி, "ஞாயித்துக்கிழமை தரை முழுக்க சிமெண்டு போட்டு கொட்டகை கட்டுறோம்"னாரு.

அக்காவுக்குச் சோறே இறங்கல. "உண்மையைச் சொன்னா குப்பை திரும்ப வரும். சொல்லாட்டி சிமெண்டு வரும். எப்படிப் பாத்தாலும் என் தோட்டம் போச்சு, கலா."

"வாயை மூடிக்கிட்டு இருங்கக்கா, அடிக்க வருவாங்க"ன்னேன். கேட்டாத்தானே!

ஞாயித்துக்கிழமை காலையில சிமெண்டு மூட்டை இறங்கறப்ப, எல்லாரு முன்னாடியும் போயி நின்னாங்க.

"இது என் சேலை. அது என் வீட்டுக் குழவி. வச்சது நான்தான். அம்மன் பேரைச் சொல்லி ஏமாத்தினது தப்பு, மன்னிச்சிருங்க. ஆனா இந்த மண்ணை மட்டும் மூடிராதீங்க."

தானே துணியை அவுத்தாங்க.

உடையப்பன் அண்ணனுக்கு மூஞ்சி செவந்து போச்சு. "ரெண்டு மாசமா நான் கோழியைத் தொடல, தெரியுமா?"ன்னு கத்தினாரு. அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைச்சிச்சு. மனுசன் மூட்டையைத் திரும்ப ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு.

மறுநாள் விடிஞ்சதும் லோரி சத்தம். துணி இல்லேன்னு எப்படித்தான் மோப்பம் பிடிச்சானோ! அக்கா பல்லு வெளக்கிக்கிட்டிருந்த பிரஷ்ஷோட ஓட, நான் பின்னாடி ஓட, எங்களுக்கு முன்னாடியே அங்க ஒரு ஆளு. கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, லோரிக்குக் குறுக்கே உடையப்பன் அண்ணே நிக்கிறாரு.

"எடுறா லோரியை! சாமி இல்லேன்னா கேக்க ஆளு இல்லேன்னு நெனச்சியா? இது எங்க தோட்டம்டா!"

லோரி வந்த வழியே திரும்பிப் போச்சு. அக்கா பாத்தி ஓரத்துல அப்படியே உக்காந்து, வாயெல்லாம் நுரையோட ஓன்னு அழுதாங்க. அழாதீங்கன்னு நான் எங்க சொல்றது? நானும்தான் அழுதுக்கிட்டிருந்தேன்.