பெட்டிக்குள் இருந்த பெயர்

தன் சாவை என் அப்பா எங்களிடம் வந்து சொன்னது 1974 டிசம்பரில், ஒரு திங்கட்கிழமை மத்தியானம். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிற மனிதர் திங்கட்கிழமையே வாசலில் நிற்கிறாரே என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அருளு, இந்த வருசத்தோட என் கத முடிஞ்சுது. பொட்டியில என் பேர எழுதிட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா கையிலிருந்த குண்டான் கவிழ்ந்து அரிசி முற்றமெல்லாம் சிதறியது. பெட்டியில் பெயர் எழுதுவது எங்கள் வீட்டு வேலை. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா இராயப்பன் தச்சர். வெயில் காலத்தில் மரக்காணம் உப்பளத்துக்காரர்களுக்கு உப்பு வாரும் பலகை செய்து தருவார். எல்லாக் காலத்திலும் செய்வது சவப்பெட்டி. எங்கள் தேவாலயப் பங்கில் யார் இறந்தாலும் முதலில் கோயில் மணி அடிக்கும், அடுத்து எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். உப்புக் காற்றில் இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால் மர ஆணிதான் அடிப்பார். மூடியைத் தட்டையாகப் போட மாட்டார். மெல்லிய பட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, படகைக் கவிழ்த்த மாதிரி வளைத்து மூடுவார். "தட்டையா மூடினா செத்தவங்களுக்கு மூச்சு முட்டும்" என்பார். இப்படிப் பேசுகிற ஆளிடம் என்னத்தைச் சொல்வது?

கடைசியாக மூடியின் உட்பக்கம், தலை வருகிற இடத்தில், இறந்தவர் பெயரையும் வருடத்தையும் கறுப்பு மையில் எழுதுவார். எங்கள் பங்கில் அப்படி ஒரு வழக்கம். தீர்ப்பு நாளில் சம்மனசு, அதாவது தேவதூதர், வந்து மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது யாரென்று தெரிய வேண்டுமாம். அதனால் உயிரோடு இருப்பவர் பெயரைப் பெட்டிக்குள் எழுதக்கூடாது என்பது எங்கள் வீட்டில் பதினோராவது கட்டளை. ஆறாவது படிக்கும்போது, அவர் செய்து கொடுத்த புத்தகப் பெட்டியின் மூடிக்குள் ஆசையாக 'மரியசெல்வி' என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு வாங்கிய அறையில் காது இரண்டு நாள் குய்யென்றது. அடித்த கையோடு இழைப்புளியை எடுத்து, என் பெயர் சுருள் சுருளாக உதிர்கிற வரை இழைத்துத் தள்ளினார். மூன்று வருடமாகியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

இந்த மனிதரைத் தேடி ஒரு ஜெர்மன்காரர் வந்தார் என்பதே ஊருக்கு நம்ப முடியாத சங்கதி. அவர் பெயர் வெர்னர். ஆரோவில் பக்கம் இரும்பை கிராமத்தில் கொட்டகை போட்டு லூட் என்ற வாத்தியம் செய்துகொண்டிருந்தார். அந்த ஆகஸ்டில் உப்பள மேஸ்திரி அமிர்தசாமியின் அடக்கத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது எதிரே மோட்டார் சைக்கிளில் வந்து நின்றவர், செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியின் மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது யார் செய்தது? ரொம்ப அழகு" என்றார். அமிர்தசாமியின் சம்சாரம் அழுகையையே நிறுத்திவிட்டாள்.

லூட் என்பது வீணைக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. முதுகு பாதித் தர்பூசணி. அந்த முதுகுக்குப் பதின்மூன்று மரப் பட்டைகளை வளைத்து ஒட்ட வேண்டும், ஒவ்வொன்றும் அட்டை கனம்தான் இருக்கும். ஜெர்மனியில் நானூறு வருடத்துக்கு முன்பே இப்படித்தான் செய்தார்களாம். யோசித்துப் பார்த்தால் அப்பாவின் மூடியும் அதே வேலைதான், பட்டை மட்டும் தடிமன்.

மழை தொடங்கி உப்புப் பாத்தியெல்லாம் ஏரியாகிவிட்டதும் வெர்னர் கூப்பிட்டபடி அப்பா லூட் செய்ய இரும்பைக்குப் போய்த் தங்கினார். பட்டையை நனைத்து, சூடான இரும்புக் குழாய் மேல் வைத்து அழுத்தி வளைக்க வேண்டும். முதல் வாரம் ஒடித்துத் தள்ளினாராம். அப்புறம், "மரம் சொன்ன பேச்சு கேக்குது அருளு" என்று பூரித்துப்போய்ச் சொன்னார். தோலைக் காய்ச்சி எடுத்த பசையின் நாற்றம் தாங்காமல் அம்மா அவர் சட்டையை வேலிக்கு வெளியே காயப்போடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவர் கொட்டகைக்குப் போனபோது வாத்தியத்துக்கு முன்பலகை ஒட்டி முடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெர்னர் தனியாக உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார். முன்பலகை நடுவில் பூவேலை செதுக்கிய வட்டமான துளை இருக்கும். அப்பா அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, துளை வழியாக உள்ளே பார்த்திருக்கிறார். அடியில் ஒட்டிய ஒரு காகிதத்தில் தமிழ் எழுத்து. இராயப்பன், மரக்காணம், 1974.

"என் பேருதான். வருசமும் போட்டு இருக்குது. அதுக்குக் கீழ கோலம் மாதிரி ஏதோ கிறுக்கி இருக்குது. மந்திரமா இன்னான்னு தெரில" என்றார்.

"இன்னாய்யா உளற்ற? காகிதத்துல பேர் எழுதினா ஆள் செத்துடுவானா?" என்றாள் அம்மா.

அப்பா பாயை விரித்துப் படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. மறுநாள் காய்ச்சல் கண்டது. கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய். பங்குச் சாமியார் வந்து பார்த்து, சிரித்து, ஜெபித்து, பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். அப்பா அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பேர் எழுதின பொட்டி காலியா நின்னு நான் பாத்தது இல்ல சாமி."

மையைத் தொட்டு எழுதிய கை அவருடையதாயிற்றே. இன்னொரு நாள் அம்மாவைக் கூப்பிட்டு, சுவரில் சாய்த்திருந்த வேப்பம் பலகைகளைக் காட்டினார். "அத யாருக்கும் குடுக்காத, எனக்கு. மூடிய மட்டும் அந்த தச்சன் கொளஞ்சிகிட்ட குடுக்காத. அவன் தட்டையா அடிச்சிடுவான்." அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. வருடம் முடிய ஆறு நாள் இருந்தது. கிறுக்கு மனுஷன் என்று திட்டிக்கொண்டே நான் ஒவ்வொரு நாளாக எண்ணினேன்.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி காலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வெர்னர் மழைக்கோட்டோடு உள்ளே வந்தார். கையில் ஒரு கறுப்புப் பெட்டி. நீளத்துக்கும் அகலத்துக்கும் குழந்தைக்குச் செய்கிற சவப்பெட்டிதான். அதைப் பார்த்ததும் அப்பா, "கொண்டாந்துட்டான்!" என்று கத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். அம்மா மூலையில் இருந்த உப்பு வாரும் பலகையை ஓங்கிவிட்டாள்.

"எம்புருசன் உனுக்கு இன்னா பண்ணான்? எதுக்குயா அவன் பேர எழுதி வச்ச?"

அந்த மனிதர் வெலவெலத்துப் போனார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என் ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷையும் அவர் தன் அரைத் தமிழையும் போட்டுப் பிசைந்து பேசினோம். எங்கள் ஊரில் பெட்டிக்குள் யார் பெயரை எழுதுவார்கள் என்று நான் சொல்லி முடித்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"ஐயோ! சந்தோஷம் ஆகும்னு நினைச்சேன்" என்றார். கறுப்புப் பெட்டியைத் திறந்து, தந்தி பூட்டிய லூட்டை எடுத்து என் மடியில் வைத்தார். "நீ பாரு. இரண்டு வரி."

பயமாகத்தான் இருந்தது. டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தேன். மேலே அப்பாவின் பெயர். கீழே அப்பா சொன்ன கோலக் கிறுக்கல். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

"அப்பா, இது மந்திரம் இல்ல. இங்கிலீஷ் எழுத்து. வெர்னர், இரும்பைன்னு இருக்குது. அவரு பேரையும் எழுதி இருக்காரு."

அப்பா சுவரை விட்டு நகர்ந்தார். "அவரும் சாவப் போறாரா?"

"யாரும் சாகல" என்றார் வெர்னர். "எங்க ஊர்ல லூட் யார் செய்தாரோ அவர் பேர் உள்ளே ஒட்டுவோம், வருஷம் போடுவோம். முந்நூறு வருஷம் போய் யாராவது ரிப்பேருக்குத் திறந்தால் தெரியணும். முதுகு நீங்க செய்தது, இராயப்பன். அதனால உங்க பேர் மேலே."

அப்பா ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். "செஞ்சவன் பேரா? செஞ்சவன் பேர எழுதுவாங்களா?" எங்களுக்கும் அது புதிது. இருபத்தைந்து வருடமாக ஊரில் இறந்த அத்தனை பேர் பெயரையும் எழுதியவர். அவர் செய்த பலகையிலோ பெட்டியிலோ அவர் பெயர் எங்குமே கிடையாது. அது வேண்டும் என்று அவருக்கும் தோன்றியதில்லை, எங்களுக்கும் தோன்றியதில்லை. துளைக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, விசும்பி விசும்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கஞ்சி எடுத்து வந்தாள். முழுச் சொம்பும் குடித்தார்.

ஆனாலும் முப்பத்தொன்றாம் தேதி வரை அந்த வேப்பம் பலகைகளைச் சுவரை விட்டு எடுக்க விடவில்லை. நம்பியும் நம்பாமலும் இருந்தார்.

வருடப் பிறப்புப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நேரே என் புத்தகப் பெட்டியை எடுத்துப் புத்தகங்களைக் கொட்டினார். மைக் கிண்ணத்தைத் திறந்தார். அவர் மூடிக்குள் எழுதுவதைப் பார்த்து அம்மா, "யேசுவே!" என்று அலறினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

மூடியில் கீழே சின்னதாக 'செய்தது இராயப்பன், 1975' என்று எழுதியிருந்தார். பெட்டி செய்த வருடம் வேறு; அவர் போட்டது அன்றைக்குப் பிறந்த வருடத்தை. மேலே, மூன்று வருடத்துக்கு முன் என் பெயரை இழைத்துத் தள்ளிய இடம் வெறுமையாக இருந்தது.

"என் பேரு எங்கப்பா?" என்று கேட்டேன்.

அப்பா தூரிகையை நனைத்தார். அந்த இடத்துக்குக் கொண்டுபோனார். பிறகு தூரிகையைத் திரும்பக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"என் பேர எழுதிட்டேம்மா. உன் பேர எழுதக் கை வரல."