கறிமிளகாய்க் கூடாரத்தில் அணைந்த கற்பூரம்

வெள்ளிக்கிழமைகளில் அருமைநாயகி வீடு முழுக்க மஞ்சள் தண்ணி தெளித்துத் துடைப்பாள். மருமகள் துடைத்தால் மூலைகள் பட்டினி கிடக்கும் என்பது அவள் எண்ணம். அன்றைக்கும் தானே துடைத்துக்கொண்டு சாமான் அறைக்கு வந்தாள்.

அறையை அடைத்துக்கொண்டு நின்றது பிளாஸ்ரிக் கூடாரம். உள்ளே இந்தப் போகத்துக் கறிமிளகாய் அவ்வளவும் பெட்டி பெட்டியாக. நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் ஊரே மரக்கறிச் சாப்பாட்டுக்கு மாறும், மிளகாய்க்கும் விலை ஏறும்; அதுவரைக்கும் வாடாமல் இருக்கவேண்டும். கமக்காரர் சங்கத்துப் பிள்ளை வினோஜா முந்தநாள் வந்து, சிலிண்டரிலிருந்து நைதரசன் வாயுவை உள்ளே விட்டு, கூடார வாயின் சிப்பை இழுத்து மூடிவிட்டுப் போயிருந்தாள்.

இணுவிலிலிருந்து உரும்பிராய்க்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள்தொட்டு, கற்பூரம் காட்டாமல் ஒரு விளைச்சலையும் அவள் வீட்டில் அடுக்கியதில்லை. வினோஜா வந்த நேரம் அவள் கோயிலில். அந்தக் குறை மனசை அரித்தது. ‘உது எரியிற காஸ் இல்லையப்பா, பயப்பிடாதையும்’ என்று புருசன் அருளம்பலம் சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி, சிப்பைக் கொஞ்சம் இழுத்துக் கையை உள்ளே நீட்டினாள்.

சுடர் பொசுக்கென்று அணைந்தது. திரும்பக் கொளுத்தி நீட்டினாள். திரும்பவும் அணைந்தது.

“இஞ்சாருங்கோ! கற்பூரம் நிக்குதில்லை!”

அருளம்பலம் இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி ஓடிவந்து சிப்பை இழுத்து மூடினார். “உமக்கென்ன விசரே? தலையை உள்ளுக்கை விட்டனீரோ?”

“கை மட்டும்தான்.”

“தலையை விட்டிருந்தால் நீரும் உந்தக் கற்பூரம்தான்.”

“அப்ப நஞ்சோ?”

“நஞ்சில்லை. நாங்கள் இழுக்கிற காத்திலை முக்கால்வாசி உதுதான்.”

“பிறகேன் வெளியிலை எரியுது?”

“மிச்சத்தாலை எரியுது. மிளகாய் பழுதாகிறதும் அந்த மிச்சத்தாலைதான். அதைக் கலைச்சுப்போட்டுத்தான் இதை விட்டது.”

“அப்ப மிளகாய் மூச்சில்லாமலே கிடக்குது?”

“மூச்சுக் குறைஞ்சு... நித்திரை மாதிரி...” அவருக்கே குரல் இழுத்தது. வினோஜா சொல்லும்போது விளங்கின மாதிரித்தான் இருந்தது. “நீர் திறந்ததிலை வெளிக்காத்துப் போயிருக்கும். சிலிண்டரையும் அந்தப் பிள்ளை கொண்டுபோயிட்டுது.”

போன் எடுத்துப் பார்த்தார். வினோஜா எடுக்கவில்லை.

அருமைநாயகி பிளாஸ்ரிக்கோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். மிளகாய்கள் இப்போதுதான் பிடுங்கினதுபோல் பளபளத்தன. அதுதான் அவளை இன்னும் குழப்பியது. வாடியிருந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும்.

“இண்டைக்கே சந்தைக்கு ஏத்துறதோ, கொடியேறுமட்டும் விடுறதோ? சாமிக்குக் காட்டேலாததைச் சனத்துக்குக் குடுக்கலாமோ? சொல்லுங்கோவன்.”

அருளம்பலம் சிப்பை ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு நிலத்தின் ஈரத்தில் வழுக்காமல் மெல்ல அடிவைத்து வினோஜாவைத் தேடிச் சங்கத்துக்கு வெளிக்கிட்டார்.