வேடியப்பன் ஆட்டுக்கு ஓர் ஊசி

“கண்ணக் காட்டுங்க சார்” என்று சொல்லி முடிப்பதற்குள் கெங்கம்மாளின் கட்டைவிரல் என் கீழிமையை இழுத்துவிட்டது. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. இமையின் உட்புறத்தை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். “வெளுத்துக் கெடக்குது. இன்னாதான் துன்றீங்க டவுன்ல?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் அடுத்து நின்ற வெள்ளாட்டின் தாடையைத் தூக்கி அதே விரலால் அதன் இமையையும் இழுத்தார். ஆட்டுக்கு நல்ல சிவப்பாம், ரத்தம் குறைவில்லையாம். விரலைக் கழுவினாரா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஜவ்வாது மலையில் காவலூரைச் சுற்றியுள்ள இருபது இருபத்தைந்து சிற்றூர்களில் அந்தக் கட்டைவிரலுக்குத் தப்பிய கண்ணே கிடையாது. ஆடு, ஆட்டுக்காரர், ஆட்டுக்காரரின் மாமியார், பஸ் கண்டக்டர், எல்லாரும் இமையைக் கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும். இமை வெளுத்திருந்தால் வயிற்றில் பூச்சி, ரத்தம் குறைகிறது என்று அர்த்தம். ஆட்டுக்குக் கற்றுக்கொண்டதை மனிதர்களுக்கும் நீட்டிவிட்டார். எனக்கு முருங்கைக்கீரை எழுதிக்கொடுத்தார். எழுதவில்லை, சொன்னார். எழுதத் தெரியாது.

ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி உடம்பு, முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிய புடவை, காலில் மகன் போட்டுத் தேய்த்த ஷூ. தலையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. ஒடுகத்தூர் மீன் கடையில் கேட்டு வாங்கியது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் மீன் வாசம் போகவில்லை என்பதால், அவர் ஓர் ஊருக்குள் நுழைந்தால் நாய்களுக்கு முன்னால் பூனைகள் வந்துவிடுகின்றன. பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் துணி சுற்றிய தடுப்பூசி பாட்டில். அது சூடாகக் கூடாது என்று பாதையில் நிழல் பார்த்து நிழல் பார்த்துத்தான் நடப்பார். நிழல் இல்லாத இடத்தில் ஓடுவார். அவரைப் பற்றி எழுதலாம் என்று பின்னாலேயே ஓடிய என் பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி இந்தப் பக்கத்தை வீணாக்க மாட்டேன்.

அவர் யாருக்காக இப்படி ஓடுகிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாலு ஆடு, ஆறு ஆடு, மிஞ்சினால் பத்து ஆடு வைத்திருப்பவர்களுக்காக. மேட்டு நிலத்தில் சாமை போடுவார்கள், புளி உலுக்குவார்கள். சாமை பொய்த்தால் கைகொடுப்பது ஆடு. ஆடும் போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூரில் கல் மண் சுமக்கப் போவதுதான். பூட்டிய வீடுகளை வழியில் எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார். “இது ஆறு ஆடு. இது ஒம்போது” என்று. அந்த வீடுகளில் இருந்தவர்களின் பெயரைச் சொல்லவில்லை, செத்த ஆடுகளின் எண்ணிக்கையைத்தான் சொன்னார்.

ஆடுகளைக் கொன்றது பஞ்சம் என்று நினைத்தேன். மழை என்றார். எனக்குப் புரியவில்லை.

முன்பெல்லாம் ஆடி வாக்கில் சிணுங்கிக்கொண்டு மழை தொடங்கும். புல் மெதுவாக வரும், ஆடும் மெதுவாகப் பழகும். இப்போது அப்படி இல்லை. தை, மாசி என்று காய்ந்து கருகிக் கிடந்து, பங்குனியில் திடுதிப்பென்று ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. நாலே நாளில் மலை முழுக்கப் பச்சை. மாதக்கணக்கில் காய்ந்த வயிற்றோடு இருந்த ஆடு அந்த இளம்புல்லை ஆவலாக மேய்ந்துவிட்டு வரும். காலையில் பார்த்தால் துள்ளி விழுந்து செத்திருக்கும். துள்ளுமாரி என்று பெயர். அதிலும் கொழுத்த ஆடுதான் முதலில் போகும்.

“மழ பேஞ்சா சந்தோசம்னுதான சார் வளந்தோம். அவுத்து வுட்டுட்டு நானே கைதட்டினு நின்னேன்” என்றார். நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மழைக்குப் பின், ஒரே நாளில் அவருடைய பதினோரு ஆடுகள். ஒரே குழியில் புதைத்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் ஒடுகத்தூர் இறங்கி, கால்நடை டாக்டர் ராஜேந்திரன் முன்னால் போய் நின்றிருக்கிறார். உதவி கேட்கவில்லை. ஏன் செத்தது என்று மட்டும் கேட்டிருக்கிறார். மழைக்கு இரண்டு வாரம் முன்னால் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கும், ஆனால் இத்தனை ஊருக்கும் நான் ஒருவன் ஏறி இறங்க முடியாதே என்றாராம் டாக்டர். “நான் ஏர்றேன், கத்துக்குடுங்க” என்று சொல்லிவிட்டு, அன்றைக்குக் கிளம்பவே இல்லையாம் இந்த அம்மாள்.

இரண்டு வாரம் முன்னால் என்பது சுலபமாகத் தோன்றும். மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரிகிறது? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார். காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் பெரிய தொலைநோக்கி நிலையம் இருக்கிறதல்லவா, அங்கே வேலை செய்யும் ஒருவரை டீக்கடையில் வாரம் ஒருமுறை பிடித்துக்கொள்கிறார். எத்தனை ராத்திரி மேகம் மறைத்தது, எத்தனை ராத்திரி வேலை கெட்டது என்று கேட்கிறார். மாசியிலேயே அந்த மனிதர் மேகத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ள ஆரம்பித்தால், கெங்கம்மாள் பெட்டியை எடுத்துவிடுகிறார். நான் அங்கே போயிருந்த வாரத்தில் அவர் ஐந்து ராத்திரி என்று சலித்துக்கொண்டிருந்தார். வானத்தை ஆராய எவ்வளவு பெரிய கண்ணாடிகளை வைத்திருக்கிறோம், அதை ஆட்டுக்கு மருந்து போட இப்படி ஒருத்தர் பயன்படுத்துவார் என்று யார் கண்டது!

ஆனால் என்னை அசத்திய சங்கதி வேறு.

இந்த மலையில் பல வீட்டில் ஓர் ஆடு சாமிக்கு நேர்ந்து விட்டதாக இருக்கும். வேடியப்பனுக்கு ஒரு கிடா. அதற்குக் காது குத்தக் கூடாது, கொம்பு சீவக் கூடாது, உடம்பில் இரும்பு படக் கூடாது. ஊனமில்லாமல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஊசியும் இரும்புதானே? எனவே மற்ற ஆடுகளுக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டு, சாமி ஆட்டை மட்டும் ஒளித்துவைத்தார்கள். சாமி ஆடு என்பதால் நல்ல தீனி போட்டு வளர்த்த ஆடு அது. கொழுத்த ஆட்டைத்தானே நோய் முதலில் தேடும்? மழை வந்ததும் முதல் சாவு அங்கேதான். சாமி கோபித்துக்கொண்டு முன்னாலேயே எடுத்துக்கொண்டார் என்று மிச்சப் பேரும் நடுங்கிப்போனார்கள்.

சாமியாவது பூதமாவது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கெங்கம்மாளை எந்த ஊரும் சேர்த்திருக்காது. அவர் சொல்லவில்லை. அவருக்கும் வேடியப்பன் மேல் பயம் உண்டு. வெட்டுவதற்கு முன்னால் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று பொருள். சிலுப்பாவிட்டால் யாரும் கை வைக்க மாட்டார்கள். சாகடிக்கக் கேட்கிற உத்தரவைப் பிழைக்கவைக்கவும் கேட்டால் என்ன என்று ஊர்ப் பெரியவர்களிடம் போய் நின்றிருக்கிறார். ஒருவராலும் குற்றம் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து ஊசிக்கு முன்னால் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர். எந்த அலுவலகத்திலும் எந்தக் கூட்டத்திலும் யாருக்கும் தோன்றியிருக்காத யோசனை இது. அந்த இடத்திலேயே அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டிருந்தால் இமையை இழுத்திருப்பார்.

அன்று கடைசியாகப் போனது ரஞ்சிதத்தின் வீட்டுக்கு. காவலூரிலிருந்து இரண்டு மலை தள்ளிப் பதினான்கு வீடுகள், அதில் கடைசி வீடு. ரஞ்சிதத்தின் கணவர் தனசேகரன் இரண்டு வருடத்துக்கு முன்னால் புளிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தவர். அவர் எழுந்து நடந்தால் கிடா தருகிறேன் என்று ரஞ்சிதம் வேண்டிக்கொண்டார். எழுந்துவிட்டார், கோல் ஊன்றி நடக்கிறார். ஆனால் நேர்ந்துவிட்ட கிடா போன பங்குனி மழையில் செத்துப்போனது. இது இரண்டாவது கிடா. வருகிற ஆடியில் கொடுக்க வேண்டும். இதுவும் போனால் அவர் கால் மறுபடி போய்விடும் என்று ரஞ்சிதத்துக்குப் பயம். இதன் மேல் இரும்பு பட்டாலும் அதே பயம்.

மற்ற எட்டு ஆடுகளையும் ரஞ்சிதமே பிடித்துக்கொடுத்தார். இமை பார்த்தாயிற்று, ஊசி போட்டாயிற்று. மழை நாளில் காலையில் காய்ந்த சாமைத் தாளைத் தின்னவைத்த பிறகுதான் அவிழ்த்துவிட வேண்டும், அதற்குத் தாள் சேர்த்து வைத்திருக்கிறாயா என்று கெங்கம்மாள் கேட்க, ரஞ்சிதம் பரணைக் காட்டினார். மிச்சம் அந்தக் கிடா. பலா மரத்தடியில் தனியாகக் கட்டியிருந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளை நெற்றி, நெற்றியில் மஞ்சள். பார்த்தாலே தெரிந்தது, வீட்டில் யார் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று.

கெங்கம்மாள் ஊசியில் மருந்தை ஏற்றி என் கையில் கொடுத்துவிட்டு, செம்புத் தண்ணீரைக் கிடாவின் முதுகில் ஊற்றினார். அது அசை போட்டது. மறுபடி ஊற்றினார். என்னைத் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது செம்புக்கு ஒரு காலை மாற்றி வைத்தது, அவ்வளவுதான். அரை மணி நேரம் போயிற்று. வெயில் எதிர் மலையில் ஏறிவிட்டது. பெட்டியில் ஐஸ் முழுக்கத் தண்ணீர். திறந்த மருந்தை நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாது, அடுத்த பாட்டில் வர இன்னும் பத்து நாளாகும், மழை அதுவரை பொறுக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் எந்த ஆடுதான் சிலுப்பாது என்று கெங்கம்மாளின் காதருகே போய்ச் சொன்னேன். என்னவோ பெரிய கண்டுபிடிப்பைச் சொன்னதாக நினைப்பு.

“அது இங்க எல்லாருக்கும் தெரியும் சார்” என்றார் மெதுவாக. “நான் செய்யக் கூடாது. இன்னிக்கு இந்த ஆடு பொழைச்சிக்கும். அப்பால அவரு கால் நோவுதுன்னு சொல்ற ஒவ்வொரு தபாவும், கெங்கம்மா ஏமாத்திட்டாளேன்னு இவ அழுவா.”

ஓர் ஆட்டின் உயிர் கையில் இருக்கும்போது அந்த ஆட்டுக்காரியின் அடுத்த பத்து வருடத் தூக்கத்தைப் பற்றி யோசிக்கிற மனசு எங்கிருந்து வருகிறது? பதினோரு ஆடுகளைப் புதைத்தவர், இந்தப் பன்னிரண்டாவதை ஒரு சொட்டுத் தண்ணீரில் காப்பாற்றிவிடலாம் என்று தெரிந்தும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தனசேகரன் கல்லில் உட்கார்ந்தபடி, “எனக்கு ஒண்ணும் ஆவாதும்மே. போடச் சொல்லு” என்றார்.

ரஞ்சிதம் காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கணவரின் காலைப் பார்த்தார், அதன் மேல் சாய்த்துவைத்திருந்த கோலைப் பார்த்தார். மேற்கே ஒரு கைக்குட்டை அளவுக்கு மேகம் நின்றது, அதையும் பார்த்தார். பிறகு கேட்டார்.

“யக்கா, போன வருசம் செத்துச்சே, அது சாமி எடுத்ததா? புல்லு எடுத்ததா?”

“என்னுது பதினொண்ணும் புல்லு எடுத்தது. உன்னுத நான் பாக்கல” என்றார் கெங்கம்மாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்திருக்கும். அதைக்கூடப் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ரஞ்சிதம் செம்பைக் கீழே வைத்தார். கிடாவின் பக்கத்தில் போய் முட்டி போட்டு, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஏதோ வேடியப்பனிடம் பேசுகிற மாதிரி உதடுகள் அசைந்தன. கெங்கம்மாள் அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார். பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பி, தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு எதையோ தேட ஆரம்பித்தார். ஐஸ் உருகிய தண்ணீரைத் தவிர அதற்குள் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஊசி என் கையில்தான் இருந்தது.

ரஞ்சிதம் குனிந்து கிடாவின் காதுக்குள் மெல்ல ஊதினார்.

அது உடம்பு முழுக்கச் சிலுப்பி, மஞ்சள் தண்ணீர் என் சட்டையிலெல்லாம் தெறித்து, அந்தச் சத்தம் காதில் விழும்வரைக்கும் கெங்கம்மாள் காலிப் பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுக்கவே இல்லை.