கொப்பரின் முன்பக்கத்து மா

உடுவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் நானும் மச்சாளும் சத்துமா செய்து விற்கிறோம். மச்சாள் என் கணவரின் அக்கா. வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு அவருடையது. சிவப்பரிசி, பயறு, கடலை, சோளம், நிலக்கடலையான கச்சான் எல்லாவற்றையும் வறுப்பது அவர். அரைத்துப் பையில் அடைப்பது நான்.

அரைத்த மா வந்து சேர ஒரு கொப்பர் வைத்திருந்தோம். மேலே அகன்று கீழே ஒடுங்கும் பெரிய தகரப் பெட்டி அது. அடியில் ஒரு வாய், வாயை மூட ஒரு தகடு. தகட்டை இழுத்தால் மா பையில் விழவேண்டும். பெரும்பாலும் விழாது. கச்சானின் எண்ணெய்ப் பிடிப்பால் மா வாய்க்கு மேலே வளைவாகக் கட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். மரச்சுத்தியல் எடுத்துக் கொப்பரின் விலாவில் தட்டுவேன். தட்டத் தட்ட ஒன்றும் நடக்காது. பிறகு எதிர்பாராத ஒரு தட்டில் எல்லாம் சேர்ந்து தண்ணீர் மாதிரி இறங்கும். பை நிரம்பி, நிலம் நிரம்பி, நானும் மாவாகி நிற்பேன்.

அப்படி ஒருநாள் கண்ணிமை வரைக்கும் மா அப்பிக்கொண்டு நின்றபோது மச்சாள் வாசலில் வந்து பார்த்தார்.

"பவுடர் பூசினது காணும். இனி வெளிக்கிடலாம்" என்றார்.

உண்மையாகவே வெளிக்கிட்டோம். முகம் கழுவி, உடுப்பு மாற்றி, அவரை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு கரவெட்டிக்குப் போனேன். அங்கே இரும்பு ஒட்டும் வெல்டிங் வேலை செய்யும் ஒருவர் மாட்டுத் தீவனம் கலக்கும் இடம் ஒன்றுக்கு ஏதோ மெசின் செய்து கொடுத்தார் என்று கேள்விப்பட்டிருந்தோம். பட்டறையில் தலைக்கவசத்தை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு, நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"தட்டித் தட்டி மா எடுக்கிறது சரிவராது அக்கா. அதுக்குக் கீழ ஒரு பீடர் பூட்டவேணும்" என்றார்.

"அதென்ன செய்யும்?" என்று மச்சாள் கேட்டார்.

"கொப்பரின்ரை வாயை நீளமாய் வெட்டி, அதுக்குக் கீழ ஒரு தொட்டி வைப்பம். தொட்டிக்குள்ள நீளத் திருகு ஒண்டு. மோட்டர் அதைச் சுத்தச் சுத்த, திருகு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாய் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்து குழாயால விடும். வேகத்தைக் கூட்டினால் கூட வரும். நிப்பாட்டினால் நிக்கும்."

"பிள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி."

"ஓம் அக்கா. அதே கதைதான்."

அவர் அதைச் செய்து, ஒரு சின்ன லொறியில் ஏற்றிவந்து பூட்டித் தந்தார். போகும்போது, "கொப்பரை ஒருநாளும் வெறுமையாக்க வேண்டாம். எப்பவும் மேல மா நிக்கவேணும். அப்பதான் ஒரே அளவாய் வரும்" என்று சொன்னார். மோட்டரின் ஆளியைப் போட்டேன். குழாய் வாயிலிருந்து மா ஒரு கயிறு மாதிரி இறங்கியது. விட்டுவிட்டு வரவில்லை, பொங்கியும் வரவில்லை. பை நிறைந்ததும் நிறுத்தினேன், நின்றது. ஒரு சிட்டிகை கூட வெளியே போகவில்லை. நானும் மச்சாளும் வேறு வேலையெல்லாம் விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னேரம் என் கணவர் வேலையால் வந்தபோது அவரையும் இழுத்துவந்து காட்டினோம். சைக்கிளைச் சாத்தக்கூட அவரை விடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம்போல நல்லாகத்தான் போனது. ஒருநாள் நல்லூரிலிருந்து ரீச்சர் ஒருவர் வந்தார். தன் பேரப்பிள்ளைகளுக்கு எங்களிடம் வழக்கமாக மா வாங்குபவர். பிரித்த பையை மேசையில் வைத்து, "பிள்ளையள் கண்டுபிடிச்சிட்டாங்கள். மணந்து பாருங்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மணந்து பார்த்தேன். பழைய எண்ணெயின் மெல்லிய சிக்கு மணம். அவருக்கு வேறு பை கொடுத்தேன். அதைப் பிரித்து மணந்து பார்த்தார், அது நல்லாக இருந்தது. ஒரே நாள் அடைத்த பைகளில் ஒன்று நல்லது, ஒன்று பழுது. எப்படி என்று விளங்கவில்லை.

ரீச்சர் படலையைத் தாண்டியதும் கதை தொடங்கியது.

"கச்சான் இந்தமுறை வடிவாய் வறுபடேல்லைப் போல" என்றேன்.

"நான் வறுத்ததிலை பிழை எண்டு சொல்லுறீரோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை மச்சாள். எதுக்கும் பாப்பம் எண்டு சொன்னனான்."

"பாக்கிறதெண்டால் உம்மடை பக்கத்தையும் பாரும். சூடு ஆற முன்னம் கொப்பருக்குள்ள கொட்டினால் வேர்க்காமல் என்ன செய்யும்?"

நான் சூடாகக் கொட்டுவதில்லை. அவர் பச்சையாக வறுப்பதும் இல்லை. இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் சில நாட்கள் வேலைக் கதை தவிர வேறு கதை இல்லை. "பயறு வந்திட்டுது", "பை முடிஞ்சுது" என்ற அளவோடு நின்றது. என் கணவரிடம் இரண்டு பக்கமும் முறையிட்டோம். அவர் என்னிடம் "நீர் சொல்லுறது சரி" என்றும், வேலிக்கு அந்தப் பக்கம் போய் "அக்கா சொல்லுறது சரி" என்றும் சொல்லிவிட்டுப் பேப்பர் வாசித்தார்.

ஒரு காலை, மா கொட்டுவதற்கு ஏணியில் ஏறிக் கொப்பருக்குள் பார்த்தேன். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாவின் மேற்பரப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இறங்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மோட்டர் இருக்கும் பின்பக்கத்தில் மட்டும் கிணறு மாதிரிக் குழி விழுந்து இறங்கியது. குழாய் இருக்கும் முன்பக்கத்தில் மா அசையாமல் கிடந்தது.

கண் பிழை சொல்கிறதோ என்று ஒரு யோசனை. வீட்டில் குரக்கன் மா, அதாவது கேழ்வரகு மா இருந்தது. கபில நிறம், சத்துமாவுக்குள் போட்டால் பளிச்சென்று தெரியும். முதலில் மோட்டரை நிறுத்தி, மட்டப்பலகையால் குழியை நிரவினேன். பிறகு குரக்கன் மாவைக் கொப்பருக்கு மேலே பாய் விரித்த மாதிரிப் பரவினேன். அதற்குப் பிறகு வேலிக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"மச்சாள், ஒருக்கால் வாங்கோ."

"என்னத்துக்கு?"

"சண்டை பிடிக்கேல்லை. வந்து பாருங்கோ."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஏணியில் அவர், பக்கத்துக் கதிரையில் நான். ஆளியைப் போட்டதும் பின்பக்கத்துக் கபிலம் உள்ளே வழுக்கி இறங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் குழாயால் கபில மா வந்தது. முன்பக்கத்துக் கபிலம் மட்டும் விரித்த இடத்திலேயே கிடந்தது, என் விரல் அடையாளம்கூட அழியவில்லை.

"உந்தப் பக்கம் இறங்கவே இல்லையே?" என்றார் மச்சாள்.

"இல்லை. பூட்டின நாளிலயிருந்து இறங்கியிராது."

மோட்டரை நிறுத்தி, நீளக் கரண்டியால் முன்பக்கத்தைத் தோண்டினோம். அடியில் இருந்த மாவை அவர் மூக்கருகே கொண்டுபோனார், உடனே முகத்தைத் திருப்பினார். ரீச்சரின் பையில் இருந்த அதே மணம். எப்போதாவது அந்தப் பழைய மாவில் ஒரு கட்டி உடைந்து திருகுக்குள் விழுந்திருக்கிறது. அது விழுந்த பை பழுது, மற்றவை நல்லது.

"அப்ப வறுத்ததிலையும் பிழை இல்லை" என்றார் அவர்.

"அரைச்சதிலையும் இல்லை" என்றேன் நான்.

அவர் ஏணியிலிருந்து இறங்காமலே சிரிக்கத் தொடங்கிவிட்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

கரவெட்டிக்காரர் மறுநாளே வந்தார். குனிந்து, டோர்ச் அடித்து, திருகைக் கையால் சுற்றிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"என்ரை பிழைதான் அக்கா. தீவனத்துக்குச் செய்தது சின்ன வாய். அதிலை இது தெரியேல்லை. உங்கடை வாய் நீளம், திருகுத் தகடுகளின்ரை இடைவெளி எல்லாம் ஒரே அளவு. பின்னுக்கே இடைவெளி நிரம்பியிடுது. நிரம்பிக்கொண்டு முன்னுக்கு வந்தால் புதுசாய் மா ஏற இடம் எங்க? பருத்தித்துறையிலயே நிரம்பின பஸ் நெல்லியடியில ஆக்களை ஏத்துமோ?"

"அதுதான் நெல்லியடி ஆக்கள் நிண்டு நிண்டு மணக்கத் துவங்கிவிட்டினம்" என்றார் மச்சாள்.

அவர் செய்த புதுத் திருகில் தகடுகள் பின்னால் நெருக்கமாகவும், முன்னால் வர வர அகலமாகவும் இருந்தன. ஒவ்வோர் இடைவெளியும் முந்தியதை விடக் கொஞ்சம் பெரிது. அதனால் ஒவ்வோர் இடத்திலும் புது மா ஏற இடம் இருக்கும். திருத்துகூலி வாங்க மாட்டேன் என்று நின்றார். நாங்கள் கட்டாயப்படுத்திக் கொடுத்தோம். சத்துமாவும் ஒரு பை கட்டிக் கொடுத்தோம். அதை மணந்து பார்த்துத்தான் வாங்கினார்.

கொப்பரை முழுதாகக் கழுவி, காயவிட்டு, மா நிரப்பி, திரும்பவும் குரக்கன் பரவிப் பார்த்தோம். இந்தமுறை கபிலப் பரப்பு பின்னாலும் முன்னாலும் சேர்ந்து, உலையில் வற்றும் தண்ணீர் மாதிரி ஒன்றாக இறங்கியது. கடைகளில் இருந்த பழைய பைகளைத் திருப்பி எடுத்து, புதிதாக அடைத்துக் கொடுத்தோம். ரீச்சருக்கு மச்சாளே கொண்டுபோய்க் கொடுத்தார். போனவர் மேலும் இரண்டு வீடுகளின் ஓடரையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அது நல்லூர்த் திருவிழா நடக்கும் நேரம். அன்றைய அடைப்பு மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கொட்டிலைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டு வந்து ஐஸ்கிறீம் கடையில் இருந்தபோது, மச்சாள் கரண்டியை நக்கிக்கொண்டு கேட்டார்.

"பனங்கிழங்கு ஒடியல் மாவும் சேர்த்து ஒண்டு செய்து பாப்பமே?"

"அது இறங்குமோ தெரியாது மச்சாள்."

"இறங்காட்டிக் கரவெட்டிக்குப் போவம்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு ஐஸ்கிறீமுக்குக் கை காட்டினார்.