ஸ்கார்பெக்கில் விசாரித்தோம்

லண்டன் நோர்பரியில் கார் ஓடுகிற தமிழர்களில் பாதிப்பேர் வாமதேவனிடம் ஓட்டப் பழகியவர்கள். மீதிப்பேர் அவரிடம் தொடங்கி, கதை கேட்டுக் களைத்து, வேறு ஆளிடம் போனவர்கள். நான் இரண்டாவது கூட்டம், லைசென்ஸ் மட்டும் இன்றைக்கும் எடுக்கவில்லை. மனுசன் நல்ல மனுசன், பொறுமைசாலி, கிளட்சை எரித்தாலும் கோபிக்கமாட்டார். ஆனால் சிவப்பு விளக்கைக் கண்டால் போதும், ஊர்க்கதை தொடங்கிவிடும். பச்சை விழுந்தாலும் கதை முடியாது. பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிப்பான்.

ஊர் என்றால் நீங்கள் நினைக்கிற ஊர் இல்லை. யோர்க்ஷயரில் மலைக்குப் பின்னால் கிடக்கிற ஸ்கார்பெக் என்ற சின்னக் கிராமம். வாமதேவனின் பேரனார், தகப்பனைப் பெற்றவர், ரயில்வே உத்தியோகத்துக்கு மலாயா போனவர். தகப்பன் அங்கே பிறந்து, டொக்டருக்குப் படித்து, இங்கிலாந்து வந்து, வேறு ஒரு டொக்டரும் போக விரும்பாத ஸ்கார்பெக்கில் போய்க் குந்திவிட்டார். அப்போது வாமதேவனுக்கு நாலு வயது. யாழ்ப்பாணத்தை மனுசன் படத்தில்தான் பார்த்திருக்கிறார். தமிழே புனிதாவைக் கட்டிய பிறகு அவளிடம் பழகியதுதான். அதனால் கோபம் வந்தால் வாமதேவன் அச்சொட்டாகப் புனிதா மாதிரியே ஏசுவார்.

அவருடைய கதைகள் எனக்கு மனப்பாடம். குளிர்காலத்தில் பள்ளிக்கூடப் பால் போத்தலுக்குள்ளேயே உறைந்து மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்குமாம். தேத்தண்ணித் தட்டத்தில் குந்தியிருந்து பனிச் சரிவில் வழுக்குவார்களாம். செஸ்நட் கொட்டையை வினாகிரியில் ஊறப்போட்டு, நூலில் கோத்து, ஒருத்தன் கொட்டையை மற்றவன் அடித்து உடைப்பானாம். எல்லாவற்றுக்கும் மேலே நத்தார் நாடகம். யேசுபாலனைப் பார்க்க வருகிற மூன்று ராசாக்களில் ஒருவர் ஒவ்வொரு வருசமும் வாமதேவன்தான்.

"சிவப்பு வெல்வெட் அங்கி அக்கா! நிலத்திலை இழுபடும். தலையிலை தங்கக் கிரீடம். சேர்ச் முழுக்க என்னைத்தான் பாக்கும்."

"முகத்துக்குப் பூசிற கறுப்பு மை மிச்சம் எண்டு ரீச்சர் நினைச்சிருப்பா" என்றேன்.

"அதுவும்தான்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நான் ரவுண்டபௌட்டில் தவறான பக்கம் திரும்பினேன். டெஸ்டிலும் அப்படியே திரும்பி, பெயிலாகி, அதோடு அவரை விட்டேன்.

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "நீங்கள் எந்த ஊர்?" ஊரை அறிவதற்காக இதைக் கேட்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வாமதேவனுக்கு மட்டும் தெரியாது. நெஞ்சை நிமிர்த்தி "ஸ்கார்பெக்" என்பார். கேட்டவர் முகம் கறுத்துவிடும். "சும்மா பகிடி விடாதேங்கோ, உண்மையான ஊரைச் சொல்லுங்கோ" என்பார்கள். "அதுதான் உண்மையான ஊர்" என்று இவர் பால் போத்தலில் தொடங்குவார். ஏதோ மறைக்கிறான் என்று போகிற வழியெல்லாம் பேசிக்கொள்வார்கள்.

இதெல்லாம் பகிடியாகத்தான் இருந்தது, என் தம்பி கணேஸ்வரனின் மகன் பவித்திரன் வாமதேவனின் ஒரே மகள் மங்கையைத்தான் கட்டுவேன் என்று வந்து நிற்கும்வரை. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, சித்திரை மாதம். பெட்டைக்கு ஒரு குறை சொல்ல ஏலாது. படிப்பு, குணம், பார்வை எல்லாம் எங்கள் பொடியனைவிட ஒரு படி மேலே. ஆனால் கணேஸ்வரன் சோபாவில் சாய்ந்துகொண்டு தலையை ஆட்டினான்.

"விசாரிக்காமல் நான் ஓம் சொல்லமாட்டன் அக்கா. தாய் பகுதி பிரச்சினை இல்லை. கரவெட்டிக்கு ஒரு போன் அடிச்சன், அரை மணித்தியாலத்திலை பூட்டன்வரைக்கும் சொல்லிப்போட்டாங்கள். தேப்பன் பகுதியை ஆரிட்டைக் கேக்கிறது? சொந்தம் எண்டு ஒரு குஞ்சு இல்லை. பெட்டைக்குத் தமையன் தம்பியும் இல்லை. மணவறையிலை தோழனா நிக்க ஒரு பொடியன் இல்லாத வீடு!"

அதற்கு மறுமொழி வாமதேவனே சொன்னார். கலியாணப் பேச்சுக்கால் என்று நாங்கள் அவர் வீட்டுக்குப் போன அன்று, ரோல்ஸ் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "விசாரிக்கோணும் எண்டால் என்ரை ஊரிலை போய் விசாரியுங்கோ. எந்தக் கதவையும் தட்டிக் கேளுங்கோ, டொக்டர் தம்பையான்ரை மகன் எப்பிடி எண்டு" என்றார்.

கணேஸ்வரன் விடுவானா? "சரி. அக்கா போவா" என்றுவிட்டான். என்னை ஒரு சொல்லுக் கேட்கவில்லை, எருமை.

அடுத்த வெள்ளிக்கிழமை மரக்கறிக் கடையில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் வாமதேவன் என்னைப் பிடித்தார். முகம் வாடிக் கிடந்தது.

"அக்கா, அண்டைக்கு வாய் விட்டிட்டன். நான் அங்கை போய் முப்பது வருசம்."

"ஏன் போகேல்லை?"

"பயம்தான். போய் நிண்டு, ஒருத்தருக்கும் என்னைத் தெரியாட்டில்? எனக்கு வேறை ஊர் இல்லையே. இப்ப மங்கையின்ரை வாழ்க்கையையும் அதிலை கொண்டுபோய்க் கட்டிப்போட்டன்."

எனக்கு அந்த மனுசனில் அவ்வளவு இரக்கம் முன்னர் ஒருபோதும் வந்ததில்லை. "ஆராவது ஒருத்தர் இருப்பினம்" என்று சொல்லிவைத்தேன்.

பவித்திரன்தான் காரோட்டினான். மாப்பிள்ளையே பெண் வீட்டை விசாரிக்கப் போவது எந்த முறையிலும் இல்லை. ஆனால் எனக்குத்தான் லைசென்ஸ் இல்லையே. "மாமி, திஸ் இஸ் மேட்" என்று வோட்போர்ட் தொடங்கி நொட்டிங்கம்வரை சொல்லிக்கொண்டு வந்தான். நான் கட்டிக்கொண்டு போன புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் கொடுத்தபிறகுதான் அடங்கினான்.

ஸ்கார்பெக் வடிவான ஊர்தான். கல்வீடுகள், ஒரு ஓடை, ஒரு சேர்ச். முதல் கதவைத் தட்டினோம். ஆள் இல்லை. இரண்டாவது வீட்டுக்காரர் லண்டனில் வங்கி வேலையாம், சனி ஞாயிறுக்கு மட்டும் வருகிறவர். மூன்றாவதும் அப்படியே. பப்பை நடத்துகிறவன் பேர்மிங்காமிலிருந்து வந்து இரண்டு வருசம். கடையில் நின்ற பெட்டை போலந்துக்காரி. "எனக்கும் இந்த ஊர் தெரியாது" என்று எனக்காகக் கவலைப்பட்டாள். டொக்டர் தம்பையாவின் டிஸ்பென்சரி இருந்த வீட்டில் இப்போது திரைச்சீலை விற்கிறார்கள்.

ஊர் இருக்கிறது, ஊர்ச்சனம் இல்லை. எனக்கு இது புதிதா என்ன? என்ரை ஊரும் இப்போது இப்படித்தான் கிடக்கிறது. காரில் ஏறி இருந்து அழுகையே வந்துவிட்டது. "மாமி, டாடியிட்டைப் பொய் சொல்லுவம். எல்லாரும் நல்லவர் எண்டு சொன்னவை எண்டு" என்றான் பவித்திரன். நானும் அந்தப் பொய்யை எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போதுதான் சேர்ச் வாசலில் ஒரு கிழவி பூக்களோடு போவதைக் கண்டேன். பின்னால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெருத்த மனுசன் தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். ஓடிப்போய் மூச்சு வாங்க வாங்க, "டொக்டர் தம்பையாவின் மகன், வாமதேவன், தெரியுமா?" என்று கேட்டேன்.

கிழவி பூவைப் பக்கத்தில் இருந்த வாங்குப் பலகையில் பொத்தென்று வைத்தாள். அவள் பேசியது இங்கிலீஷ். ஆனால் அந்தக் குரலும் இடுப்பில் கை வைத்த விதமும் எனக்கு அப்படியே பழக்கம் என்பதால் எங்கள் பேச்சிலேயே சொல்கிறேன்.

"வாமாவோ? தெரியுமோ எண்டு கேக்கிறியோ? என்ரை முன்னறைத் திரைச்சீலையை வெட்டி, என்ரை மகன் றேமண்டுக்கு ராசா அங்கி தைச்சனான். சிவப்பு வெல்வெட்! அந்த ரீச்சர் அங்கியை வாங்கினாள், 'ஆகா' எண்டாள், கொண்டுபோய் வாமாவுக்குப் போட்டுவிட்டாள்! வருசா வருசம் என்ரை திரைச்சீலையைப் போட்டுக்கொண்டு அவன் ராசா. என்ரை பிள்ளை ஆடு! கம்பளியைச் சுத்திக்கொண்டு நாலு காலிலை வந்து 'மே' எண்டு கத்தினது என்ரை பிள்ளை!"

பெயர் மிஸஸ் பொலார்ட். அந்தப் பெருத்த மனுசன்தான் ஆடு.

"அம்மா, விடுங்கோ" என்றான் றேமண்ட் வாளியோடு.

"விடமாட்டன்!"

விடவும் இல்லை. டொக்டர் வீட்டுக் கறி வாசம் தன் படுக்கை விரிப்பில் ஏறியது, தன் தேத்தண்ணித் தட்டத்தை வாமா எடுத்துப் பனியில் வழுக்கி நெளித்தது, எல்லாம் வந்தது. கேட்கக் கேட்க எனக்கு வயிறு குளிர்ந்தது. வல்வெட்டித்துறையிலிருந்து காரைநகர்வரை எங்கே விசாரித்தாலும் இப்படி ஒரு கிழவி இருப்பாள். அவள் இல்லாவிட்டால் அது என்ன ஊர்? கட்டிப்பிடித்துக் கொஞ்சலாம்போல் இருந்தது.

நாங்கள் புறப்படும்போது றேமண்ட் கார்வரைக்கும் வந்தான். கலியாணம் கட்டாதவன், தாயோடுதான் இருக்கிறானாம். மெதுவாகக் கேட்டான்: "வாமா சுகமாய் இருக்கிறானா? இஞ்சை வரவே இல்லையே எண்டு நான் ஒவ்வொரு நத்தாருக்கும் நினைக்கிறனான்."

நோர்பரியில் எல்லோரும் காத்துக்கொண்டு இருந்தார்கள். வாமதேவன் கதிரையின் நுனியில். கணேஸ்வரன், "என்ன சொன்னவை?" என்றான்.

"நல்லதா ஒரு சொல்லுச் சொல்லேல்லை. முழுக்கக் குறை" என்றேன்.

புனிதா வாயைப் பொத்தினாள். வாமதேவன் எழுந்துவிட்டார். "ஆர்? ஆர் சொன்னது?"

"மிஸஸ் பொலார்ட்."

"அவ இருக்கிறாவா!" என்று மனுசன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்னை ஞாபகம் வச்சிருக்கிறாவா? ஏசினவாவா? நல்லா ஏசினவாவா?" சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நான் அங்கிக் கதையைச் சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அது றேமண்டின்ரை அங்கியா? ஆண்டவரே, எனக்குத் தெரியாது அக்கா. பள்ளிக்கூடத்து அங்கி எண்டெல்லோ நினைச்சன்." கதிரையில் இருந்தார். "அவன் ஒரு நாளும் சொல்லேல்லையே. என்னோடைதானே தட்டத்திலை வழுக்கினவன்."

கணேஸ்வரன் தாடையைச் சொறிந்தான். "திரைச்சீலை ஒண்டுக்கு நாப்பது வருசம் கோபமோ? அப்ப ஊர்தான்" என்றான். அதுதான் அவன் சொன்ன ஓம்.

தோழன் பிரச்சினையை வாமதேவனே தீர்த்தார். தீர்த்த விதத்தைக் கேட்டுக் கணேஸ்வரன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "ஐம்பது வயசுத் தோழனோ? அதுவும் வெள்ளைக்காரனோ?" என்று குதித்தான். "கலியாணம் ஆகாத ஆள், பொம்பிளை பகுதி ஊர்க்காரன். எந்த முறையிலை பிழை, சொல்லு பாப்பம்?" என்று நான் கேட்டேன். மூன்றாம் நாள் சாப்பிட வந்து குந்தினான்.

ஆவணியில் குரோய்டன் மண்டபத்தில் கலியாணம். மாப்பிள்ளையின் காலைக் கழுவித் தோழன் அழைத்து வரவேண்டும். றேமண்ட் குனிந்து கழுவினான். அவனை நிமிர்த்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பிறகு வாமதேவன் தானே ஒரு பையைத் திறந்தார். உள்ளே சிவப்பு வெல்வெட் சால்வை, நிலத்தில் இழுபடுகிற நீளம். அதை றேமண்டின் தோளில் போட்டு, தங்கச் சரிகைத் தலைப்பாகையை எடுத்து அவன் தலையில் வைத்தார்.

எனக்குப் பின்னால் ஒருத்தி, "பொம்பிளை பகுதி எந்த ஊர்?" என்று கிசுகிசுத்தாள்.

"ஸ்கார்பெக். நான் போய் விசாரிச்சனான். நல்ல ஊர், சனத்துக்குத்தான் கொஞ்சம் வாய் கூட."

முன்வரிசையில் மிஸஸ் பொலார்ட், மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த மகனை இமைக்காமல் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் கைக்குட்டையை நீட்டினேன். தட்டிவிட்டாள். "சரிஞ்சு கிடக்கு" என்றாள். சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு, பொல்லை ஊன்றிக்கொண்டு மணவறைப் படியில் ஏறினாள். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். மேளம் நின்றது. கிழவி எட்டி, மகனின் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்து, நெற்றி மயிரை உள்ளே தள்ளிவிட்டு, ஒரு அடி பின்னால் நின்று பார்த்தாள். அவள் இறங்கும்வரை எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம்.